'ஷீ' போகும்வரை ஒரு மெழுகுதிரி

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நான் நம்பியதெல்லாம் மெல்பனில் இறங்கி இரண்டு மாதம் வரைக்கும்தான்.

எழுபதுகளின் கடைசி. ஓர் ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். வேலை நிரந்தரமானால்தான் ஊரிலே, கோப்பாயில் காத்திருந்த மனைவி வத்சலாவைக் கூப்பிடலாம். (கலியாணமாகிப் பதினோராம் நாள் விமானம் ஏறியவன். என் அவசரம் உங்களுக்குப் புரியும்.)

மாடுகளுக்கு உண்ணிக் காய்ச்சல் கொடுக்கும் ஒட்டுண்ணியை இரத்தத்தில் வளர்த்தோம். ஒட்சிசன் கூடினால் அதில் உண்டாகும் நஞ்சு அந்த ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும். நஞ்சை முறிக்கும் நொதியத்தைச் சேர்த்தால் நன்றாக வளருமா என்பதுதான் ஆராய்ச்சி. பாதித் தட்டுகளில் நொதியம் உண்டு, பாதியில் இல்லை. தட்டுகளை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, கூடவே ஒரு மெழுகுதிரியையும் கொளுத்தி மூட வேண்டும்.

ஒரு வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு மேலதிகாரி பீற்றர் புறப்படும் அவசரத்தில் சொன்னார்: "திரியைக் கொளுத்தி மூடு. வென் ஷீ கோஸ் அவுட், மூடியின் திருகைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போ."

ஷீ? அறையில் இருந்த ஒரே பெண், வேறு பிரிவு வேலை பார்க்கும் மார்கரெட். சரி, அவர் வெளியே போகும்வரை திரி எரிய வேண்டும் போலும்!

அந்தப் பாழாய்ப்போன திரியோ மூடினால் அணைந்தது. திறந்தேன், கொளுத்தினேன், மூடினேன். மறுபடி அணைந்தது. ஆறு மணிக்குள் ஒரு நெருப்புப்பெட்டி காலி. மார்கரெட் கதிரையை விட்டு அசையவில்லை. பின்னல் வேறு பின்னத் தொடங்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்கள் வீட்டுக்குப் போகவில்லையா?"

"நெருப்போடு புது ஆளைத் தனியே விடக் கூடாது, லவ். நீ முடித்தால் நான் போவேன்."

"நீங்கள் போனால்தானே நான் முடிக்கலாம்!"

ஏழு மணிக்கு அவருடைய கணவர் வந்து இழுத்துக்கொண்டு போனார். வெற்றியோடு திருகைப் பூட்டினேன்.

திங்கட்கிழமை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எல்லாத் தட்டிலும் பிணம். நொதியம் போட்டது, போடாதது என்ற பேதமே இல்லை. குயின்ஸ்லாந்திலிருந்து தருவித்த இரத்தம் அத்தனையும் வீண்.

"ஏன் திரும்பத் திரும்பத் திறந்தாய்?" என்றார் பீற்றர்.

"ஷீ போகவில்லையே, சேர்!" என்று மார்கரெட்டைக் காட்டினேன்.

பீற்றர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்த நாட்டில் மெழுகுதிரியும் 'ஷீ'யாம். கோஸ் அவுட் என்றால் அது உள்ளேயிருக்கும் ஒட்சிசனைத் தின்று அணைவதாம்; நான் திறந்த ஒவ்வொரு முறையும் புதுக் காற்று உள்ளே போனதாம். அதை முதலே சொல்லித் தொலைத்தால் என்ன?

வேலை போகவில்லை. தற்காலிகம்தான் இன்னும் மூன்று மாதம் நீண்டது, வத்சலாவின் பயணமும் அவ்வளவு தள்ளிப்போனது. காரணத்தைக் கடிதத்தில் விவரமாக எழுதிய மடையனும் நானே.

இன்றைக்கும் கலியாண வீட்டுக்கு நேரமாகிறதென்று வாசலில் நின்று, "வெளிக்கிட்டாச்சோ?" என்று நான் கத்தினால் உள்ளேயிருந்து வத்சலாவின் பதில் வரும்:

"இன்னும் இல்லையப்பா. இன்னொரு நெருப்புக்குச்சி தட்டுங்கோ."