கும்பிடு போட்ட கார்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தாவிட்டால் தன் பெயரை மாற்றிக்கொள்வதாகப் பார்சல் சார் புதன்கிழமை காலையில் சபதம் போட்டார். பெயரை மாற்றுவதில் அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. தபால் ஆபீஸில் இருபது வருஷமாகப் பார்சல் எடை போட்டதில், அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. நஷ்டம் கார் சாவியில் இருந்தது.

அது போன வருஷத்து ஒப்பந்தம். காரில் மூன்று ஸ்வரத்தில் ஊதும் ஹார்ன் ஒன்றை அவரே மாட்டினார். ஊத ஆரம்பித்த ஹார்ன் நிற்கவே இல்லை. ஒயரைப் பிடுங்குகிற அவசரத்தில் வண்டியைக் கொண்டுபோய் வீட்டு ஷெட் சுவரில் முட்டினார். பம்பர் உரசிய கோடு இன்றைக்கும் சுவரில் இருக்கிறது. அவர் மனைவி டெய்லரம்மா, தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னொரு தடவை பானெட்டுக்குள்ள கை வச்சீங்க, சாவி இந்த மெஷின் டிராயருக்குள்ள வந்துடும். சரியா?"

"சரி."

"மொட்டையா சரின்னா? முழுசாச் சொல்லுங்க."

முழுசாகச் சொன்னார். சொன்னபோது மனசாரத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரை ரோட்டில் தனியாக ஓட்டிக்கொண்டு போகிற ஒரு மணி நேரம்தான் அவருக்கு வாழ்க்கை. மீதி ஆறு நாளும் யாரோ யாருக்கோ அனுப்புகிற பெட்டியைத் தராசில் ஏற்றி இறக்குகிற பிழைப்பு. அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் மனுஷன் என்ன செய்வார்?

போன சனிக்கிழமை டெய்லரம்மா, அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து மணி பஸ்ஸில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். மறுநாளே மெக்கானிக் ஆயிலிடமிருந்து போன் வந்தது. கிரீஸில் பிறந்து கிரீஸில் வளர்ந்தவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"சார், ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒண்ணு வந்திருக்கு. உங்க வண்டிக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி."

"வேண்டாம்ப்பா. வீட்டுல வாக்கு குடுத்திருக்கேன்."

"வாங்க வேண்டாம் சார். சும்மா பாத்துட்டுப் போங்க."

சும்மா பார்க்கத்தான் போனார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எஞ்சின் காருக்குள் இருந்தது.

புதன்கிழமை காலையில் ஷெட்டில் வைத்து ஜாக்கியை இறக்கினார்கள். பின்பக்கம் அப்படியே நின்றது. முன்பக்கம் இறங்கியது. நிற்கும் என்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"என்னப்பா இது?"

"வண்டி கும்பிடுது சார்."

"யாரை?"

"புது எஞ்சினைத்தான். பழசை விட எழுபது கிலோ கூட."

"முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"எடை போடறது உங்க தொழில். அதுல நான் எப்படித் தலையிடறது?" என்றான் ஆயில், முழங்காலில் கிழிந்த ஓவராலைச் சொறிந்துகொண்டே.

பத்து கிராம் கூடினால் கூட இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லி ஊரையே திருப்பி அனுப்புகிறவர் பார்சல் சார். எஞ்சினைத் தராசில் வைக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றவில்லை.

இதை டெய்லரம்மாவிடம் மறைக்க முடியுமா? அவள் தைத்த ஸ்கர்ட்டின் விளிம்பு கால் இன்ச் ஏறி இறங்கினாலும் தெருக்கோடியில் நின்றே கண்டுபிடித்துவிடுகிற கண் அது. வாசலில் தலை குனிந்து ஒரு கார் நின்றால் விடுமா?

"கெட்டி ஸ்பிரிங் போடணும் சார். வரப் பத்து நாளாகும்."

"எனக்கு இருக்கறது ரெண்டு நாள்."

"அப்போ பழைய ஸ்பிரிங் தலையில இரும்பு வளையம் வச்சுத் தூக்கிடலாம். முன்னாடி வண்டி எவ்வளவு உயரம் இருந்துச்சு? அளந்து வச்சிருக்கீங்களா?"

அளந்து வைக்கவில்லை. ஷெட்டுக்குள் நாலு நடை நடந்தார். ஐந்தாவது நடையில் சுவரில் கோடு தெரிந்தது. ஹார்ன் நாளில் பம்பர் உரசிய அதே கோடு. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓடிப்போய் மெஷின் டிராயரிலிருந்து மனைவியின் டேப்பை எடுத்து வந்தார். தரையிலிருந்து கோடு இருபது இன்ச். பம்பர் இப்போது பதினேழரை.

"ரெண்டரை இன்ச் வளையம் போடு."

"சார், அதுல ஒரு விஷயம் இருக்கு."

"அளவு விஷயத்துல என்கிட்ட வாதாடாதே."

ஆயில் வாதாடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை ஆபீஸில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஜன்னலுக்கும் தராசுக்கும் நடந்தார். மத்தியானம் தன் டிபன் பாக்ஸையே எடை போட்டு, எழுநூறு கிராம் என்று எழுதி, சீல் குத்தி, மூட்டையில் போட்டு அனுப்பிவிட்டார். பசியோடு ஆயிலின் பட்டறைக்குப் போனால் கார் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. டேப்பைப் பிடித்தார். இருபத்திரண்டரை.

"ஏன்டா இப்படிப் பண்ணின?"

"நீங்க சொன்னதுதான் சார். ஸ்பிரிங் உக்காந்திருக்கறது சக்கரத்தைத் தாங்குற இரும்புக் கையோட நடுவுல. சக்கரம் இருக்கறது கை நுனியில. நடுவுல ஒரு இன்ச் தூக்கினா நுனியில ரெண்டு இன்ச் தூக்கும். இதைத்தான் சொல்ல வந்தேன்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே."

"வாதாடக் கூடாதுன்னீங்க."

ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார். வெள்ளிக்கிழமை தலைவலி என்று லீவு போட்டார். பொய்யும் இல்லை. வளையத்தை ஒன்றேகால் இன்ச்சாகக் கடைந்து மாட்டியபோது மணி மூன்றரை. ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தி, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார். இருபது. மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வண்டியைக் கழுவினார். டேப்பைச் சுருட்டி டிராயரில் வைத்தார். கையைக் கழுவினார்.

அவர் காரோடு பஸ் ஸ்டாப்பில் காத்திருக்க, ஐந்து மணி பஸ்ஸில் டெய்லரம்மா ஒரு பெரிய பையோடு இறங்கினாள். காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் சத்தம் வெளியே தெரியாமலிருக்க அவர் ரேடியோவை அலறவிட்டு, நடுவில் இரண்டு தடவை இருமியும் பார்த்தார்.

வழியில் அந்த மேடு வந்தது. போன மாதம் பள்ளிக்கூடச் சீருடை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தபோது வண்டி இதே மேட்டில் மூச்சு வாங்கி நின்றுபோய், டெய்லரம்மா இறங்கித் தள்ளினாள். இன்றைக்கு ஜிவ்வென்று ஏறியது. சந்தோஷத்தில் அவர் எல்லாவற்றையும் மறந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"நல்லா ஏறுதே," என்றாள்.

"டயருக்குக் காத்தடிச்சேன்."

"ஓஹோ."

வீட்டு வாசலில் இறங்கி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு காரைப் பார்த்தாள்.

"நேரா நிக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிழைத்தோம் என்று நாற்காலியில் விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை ரோட்டில் ஆறு சிலிண்டரும் பாடுவது காதில் கேட்டது. டிராயர் இழுபடும் சத்தமும் கேட்டது.

"என்னங்க, நான் இல்லாதப்போ யாருக்காவது அளவெடுத்தீங்களா?"

"நானா? எனக்கென்ன தெரியும்?"

அவள் டேப்பை விரித்துப் பிடித்தாள். வெள்ளை டேப்பில் கறுப்புக் கறுப்பாகக் கட்டைவிரல் ரேகை.

"இருபதுல ஒரு விரல். பதினேழரைல ஒரு விரல். இருபத்திரண்டரைல ஒரு விரல். மறுபடி இருபதுல, முதல் விரல் மேலயே ஒண்ணு. இடுப்பு இப்படி ஏறி இறங்குற அந்த ஆளு யாருங்க?"

பார்சல் சார் திருட்டு முழி முழித்தார். பிறகு எழுந்து சாவியைக் கழற்றி மெஷின் மேல் வைத்தார்.

அவள் சாவியை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, பையிலிருந்து புதுசாகத் தைத்த ஓவரால் ஒன்றை எடுத்து மடித்து வைத்தாள். முழங்காலில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தது.

"இது யாருக்கு?" என்றார்.

"ஆயில் தம்பிக்குத்தான். அக்கா வீட்டுல உக்காந்து தைச்சேன். நான் சொன்னபடியே பெரிய எஞ்சினா மாத்திக் குடுத்திருக்கு பாருங்க. திங்கட்கிழமையிலிருந்து சீருடை மூட்டை எல்லாத்தையும் நானே அந்த மேட்டுல ஓட்டிட்டுப் போயிடுவேன்."

அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

"பெரிய எஞ்சின் வேணும்னு என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா எஞ்சின் வந்திருக்கும். சாவி வந்திருக்குமா?"

பார்சல் சார் குரலை இறக்கிக் கேட்டார்.

"அப்போ இந்த ஞாயித்துக்கிழமை ஏரிக்கரை ரோடு?"

"போலாமே. மூட்டை ஏத்தினா பின்பக்கம் எவ்வளவு இறங்கும்னு ஓட்டிப் பாக்கணும். நீங்க எத்தனை கிலோ?"

தினமும் ஆபீஸ் தராசில் ஏறி நிற்கிற மனுஷன். யோசிக்கவே தேவையில்லை.

"எழுபது."

"முன்னாடி கூடினதும் எழுபதுதானே," என்றாள் டெய்லரம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "பின்சீட்டுல உக்காருங்க. நடுவுல உக்காரணும். ஓரமா உக்காந்தா வண்டி சாயும்."