ஏலத்தீவின் அரசி

நடுக்கடலில் ஏலத்தீவு என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் ஈ உட்கார்ந்திருக்கிறது என்று தட்டிவிடத் தோன்றும், அவ்வளவுதான் அதன் அளவு. அங்கே மழை உண்டு, ஏலக்காய் உண்டு, தங்கநாச்சி என்ற அரசி உண்டு. படை கிடையாது. யார்மேல் ஏவ?

அக்கரையில் பேரங்காடிப் பேரரசு. அதன் வியாபாரிகள் தீவில் நிலம் பிடித்து, மலைமுழுக்க ஏலச்செடி நட்டார்கள். கொழுத்த லாபம். அந்த நேரம் பார்த்துப் பேரரசு அயல்நாட்டுச் சரக்குக்கெல்லாம் வரி போட்டது. வியாபாரிகள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு தலைநகருக்கு ஓடினார்கள்.

“வரியை நீக்கினால் அரசின் கௌரவம் என்னாவது?” என்றார்கள் மந்திரிகள்.

“அப்படியானால் அயல்நாட்டை நீக்கிவிடலாம்,” என்றார் தூதர் பொற்கிழியார்.

ஏலக்காய் ருசி பார்க்க என்று சொல்லி, போர்க்கப்பல்களோடு வந்து இறங்கினார். அரசி வெள்ளந்தி. தேநீர் கொடுத்து, சபை நடுவே பெருமையாகச் சொன்னாள்: “எங்க தீவு எதுக்குப் பேர்போனதுன்னா, ஏலத்துக்குத்தாங்க!”

பொற்கிழியார் துள்ளி எழுந்தார். “கேட்டீர்களா? ஏலத்துக்கு என்று அரசியே சொல்லிவிட்டார். பேரரசு கேட்கிறது. ஒரு தரம்... இரண்டு தரம்...”

“ஐயையோ, நான் சொன்னது டீயில போடுற ஏலங்க!”

“மூன்று தரம்!”

போட்டிக்கு யாரும் கேட்கவில்லை. பீரங்கிகள் சபையைப் பார்த்து நிற்கும்போது எவன் வாய் திறப்பான்?

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. வாக்கெடுப்பில் இரண்டு பெட்டிகள் வைத்தார்கள்: சம்மதம், முழுச் சம்மதம். கடும் போட்டியில் முழுச் சம்மதம் வென்றது. காய் உலர்த்த இடம் வேண்டுமென்று மீனவர்களைக் கரையிலிருந்து விரட்டினார்கள். ஏலக்காய் ஏற்றுமதிக்கே என்று ஆணை வந்ததும், தீவுக்காரர்கள் வெறுந்தேநீர் குடித்தார்கள். அரண்மனை ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியானது. அரசிக்குப் பின்கட்டில் ஓர் அறை மிஞ்சியது.

“போகட்டும். பொறந்த மண்ணுல கண்ண மூடினா போதும்,” என்றாள் அந்தப் பாவி மனுஷி. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அதற்கும் ஒருநாள் பொற்கிழியார் வந்து நின்றார். “அம்மா, புதுச் சட்டம். தீவு பேரரசோடு சேருமுன் இங்கே பிறந்தவர்கள் எல்லோரும் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஆகவே அனுமதியின்றிக் குடியேறியவர்கள். வெளியேற வேண்டும்.”

“எங்கய்யா போவேன்?”

“பிறந்த நாட்டுக்குத்தான்.”

“நான் பொறந்த நாடு இதானேய்யா!”

பொற்கிழியார் நிஜமாகவே வருந்தினார்.

“அந்த நாடுதான் இப்போது இல்லையே, அம்மா.”