ஹால்வாரின் கூடார வகுப்பும் என் கணுக்காலும்

ஓஸ்லோ, ஜூன் 17

பேரன்புக்குரிய அக்கா குன்வோருக்கு,

உன் தம்பி எய்வின் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே த்ரொம்ஸோவில் நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்றும், அத்தானின் முட்டிவலி இந்தக் கோடையிலாவது கொஞ்சம் அடங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் வீட்டுக்காரி சிக்னேயும் நலம். என் இடது கணுக்கால் மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் ஹால்வார் என்கிற ஒரு மனிதர். ஒருவகையில் நீயும் காரணம் என்பதால், இந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்காமல் முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் டிராம் ஓட்டுநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இந்த வருடம் தெற்கே வெயில் காயப் போகக் கையில் காசில்லை என்று சிக்னே உன்னிடம் போனில் புலம்பியபோது, நூலகத்தில் இலவசமாகக் கூடார வகுப்பு நடக்கிறது, அதில் சேர் என்று யோசனை சொன்னது நீதானே? அதிகச் செலவில்லாமல் ஊர் சுற்றுவது எப்படி, முதல்முறை கூடாரம் போடுகிறவர்கள் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆறு செவ்வாய்க்கிழமைகள் பாடம். நான் போகவில்லை. நார்வேயில் பிறந்துவிட்டு அறுபத்தாறு வயது வரைக்கும் ஒருநாள்கூடக் கூடாரத்தில் படுத்ததில்லை என்பதை நூலகத்தில் போய்க் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டுமா? சிக்னே மட்டும் போனாள். ஹால்வார்தான் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். முதல் செவ்வாயிலிருந்தே எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்றாவது ஆளாக அவரும் உட்கார்ந்துகொண்டார் என்றே சொல்ல வேண்டும். எதையும் புதிதாக வாங்காதீர்கள், இரவல் கேளுங்கள் என்று ஹால்வார் சொன்னாராம். கூடாரத்தை முதலில் வீட்டு முற்றத்தில் போட்டுப் பழகச் சொன்னாராம். உருளைக்கிழங்கை வேகவைத்தே எடுத்துப் போகலாம், அடுப்பு எரிபொருள் மிச்சம் என்றாராம். நாற்பத்தொரு வருஷமா நான் வேகவச்ச உருளைக்கிழங்கைத்தான் அக்கா இவ சாப்பிடறா, அதைப் பத்தி யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா? ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"அந்த ஆளுக்குத் தாடி இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"நல்லா ஒழுங்கா வெட்டி விட்ட தாடி" என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன், அவர் எதைச் சொல்கிறாரோ அதற்கு நேர்மாறாகத்தான் செய்வதென்று. இரவல் வேண்டாம் என்று புதுக் கூடாரம் வாங்கினேன். பனிப்பாறைகளைக் கடந்து போகிறவர்களுக்கான கூடாரமாம், பதினோரு கம்பி. முற்றத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று சிக்னே கெஞ்சினாள். டிராமே ஓட்டியவனுக்குத் துணி விரிக்கத் தெரியாதா என்று மறுத்துவிட்டேன். ஸ்பிரிட் அடுப்பு போதும் என்று ஹால்வார் சொல்லியிருந்ததால் பதினான்கு கிலோ பிர்ச் விறகை முதுகுப்பையில் அடுக்கினேன். போன சனிக்கிழமை மெட்ரோவில் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து ஏரிக்கு ஒரு மணிநேர நடை. புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்ற இடம், பக்கத்திலேயே கழிப்பறையும் உண்டு என்று அதையும் அவர்தான் சொல்லியிருந்தார், அதை மட்டும் மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. மேட்டில் போடச் சொல்லியிருந்தாராம், நான் கரையோரப் பள்ளத்தில் போட்டேன். இரண்டு மணி நேரம் ஆனது, மூன்று கம்பி மிச்சமானது. சரி, நெருப்பாவது மூட்டலாம் என்று விறகை அடுக்கிக்கொண்டிருந்தபோது நாயோடு வந்த ஒரு அம்மாள் நின்று, ஏப்ரல் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரைக்கும் காட்டில் நெருப்பு மூட்டத் தடை இருப்பது தெரியாதா என்றாள். அப்புறம் ரொம்ப அன்பாக, "எந்த நாட்டிலேர்ந்து வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். நான் விறகை மறுபடி பையில் அடுக்க ஆரம்பித்தேன். என்னன்னு சொல்றது அக்கா.

அப்போதுதான் மழை பிடித்தது. எதிர்க்கரையைப் பார்த்தால், மேட்டின்மேல் வரிசையாக ஏழு கூடாரம். நடுவில் அந்தத் தாடியோடு ஹால்வார். ஆறாவது வகுப்பு மட்டும் செவ்வாய்க்குப் பதில் சனிக்கிழமை, அதுவும் அங்கேதான் என்பதை சிக்னே என்னிடம் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, சொன்னால் நீ வந்திருக்க மாட்டாய் என்றாள். வெந்நீர் வாங்கி வருகிறேன் என்று கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போனவள் முக்கால் மணிநேரம் கழித்துத்தான் அங்கிருந்து கிளம்பினாள். நான் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு வாஃபிளோடு, அதில் பழுப்புச் சீஸோடு, சிரித்துக்கொண்டே வந்தாள். என்ன பார்க்கிறாய் என்றதற்கு, பறவை என்றேன்.

"அந்தப் பறவைக்குத் தாடி இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் விருட்டென்று எழுந்து கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டப் போனேன். அந்தக் கயிறே காலில் மாட்டி விழுந்தேன், கணுக்கால் போனது, கூடாரம் என்மேல் சரிந்தது, உள்ளே ஏற்கெனவே தண்ணீர். அதற்குள் அந்த மனுஷன் ஏரியைச் சுற்றி ஓடி வந்துவிட்டார். காலுக்குக் கட்டுப் போட்டார். இந்தக் காலோடு இங்கே தங்கக் கூடாது என்று சொல்லி, ஈரக் கூடாரத்தை மடித்து, என் விறகை வகுப்பில் ஆளுக்கு இரண்டு கட்டையாகப் பிரித்துக் கொடுத்து, என் பையைத் தானே தூக்கிக்கொண்டு மெட்ரோ வரைக்கும் கொண்டுவந்து விட்டார். ஒரு குத்தல் வார்த்தை இல்லை. ஒண்ணு சொல்லியிருந்தா பதிலுக்கு நானும் நல்லா கேட்டிருப்பேன். அவரும் சிக்னேயும் முன்னால் பாசிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போக, நான் பின்னால் ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு நொண்டி வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் யோதுன்ஹைமென் மலைக்கு நான்கு நாள் பயணமாம், ஹால்வார் கூட்டிப் போகிறார். சிக்னே பெயர் கொடுத்துவிட்டாள். "நீ வரலேன்னாலும் நான் போறேன்" என்று அமைதியாகச் சொன்னாள். கத்திச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. நாங்க ரெண்டு பேரும் நாலு நாள் பிரிஞ்சே இருந்ததில்ல அக்கா, அவ பிரசவத்துக்குப் போனப்பக்கூட. நீ சிரிக்காதே. நீ சொன்னால் கேட்பாள். ஆகஸ்டில் நானும் அத்தானும் ஓஸ்லோ வருகிறோம், வீட்டில் இரு என்று ஒரு போன் போடு. வர வேண்டாம், போன் மட்டும் போட்டால் போதும். என்னைப் பொறுத்தவரை இனி கூரையில்லாத இடத்தில் படுக்கிற பேச்சே கிடையாது. ஹால்வார் என்ற பெயரும் இந்த வீட்டில் இனிக் கேட்காது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். உங்கள் தோட்டத்து ருபார்ப் செடி தழைக்கட்டும், உங்கள் படகு ஒழுகாமல் இருக்கட்டும்.

நொண்டிக்கொண்டே,
உன் அன்புத் தம்பி
எய்வின்

பின்குறிப்பு: தபால்தலை இல்லாததால் இது ஐந்து நாள் மேசையிலேயே கிடந்தது. இதற்கிடையில், கூடாரத்தை ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்று ஹால்வார் வந்தார். இருவரும் மாடியில் கட்டி உலர்த்தினோம். பேச்சோடு பேச்சாக, பழைய டிராமை மலையிறக்கத்தில் பனியில் எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டார். ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருடத்தில் டிராமைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். காபி மூன்று முறை ஆறிப்போனது. மறுநாளும் வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் அவரும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நாலு நாள் கிளம்புகிறோம், கணுக்காலுக்கு ஒன்றுமில்லை. தானும் வருவதாக சிக்னே சொன்னாள். ஆனால் கூடாரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். அப்படி என்னதான் பேச்சு ரெண்டு பேருக்கும் என்று கேட்டுவிட்டு ஆகஸ்ட் பட்டியலில் தன் பெயரை அடித்துவிட்டாள். நான் என் பெயரை எழுதிவிட்டேன். ஆகவே நீ போன் போட வேண்டாம். சிக்னே இப்போது உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உனக்குத்தான் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். ஹால்வாரைப் பற்றி அவள் என்ன எழுதினாலும் நம்பாதே. தங்கமான மனுஷன்.