இருமச் சொல்லும் டாக்டர்

குழந்தை வைத்தியர்கள் எல்லோரும் குழந்தையைப் பார்ப்பார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பிடித்துப் பரிசோதித்த குழந்தை வைத்தியர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில், பாலசமுத்திரத்திலிருந்து விஜயபுரம் வரை, அவர் 'இருமு டாக்டர்'தான்.

உள்ளே போனதும், "பாப்பா அப்பறம். மொதல்ல நீங்க இருமுங்க," என்பார். தாய், தகப்பன், துணைக்கு வந்த சித்தி, ஆட்டோ ஓட்டி வந்தவர் எல்லோரும் வரிசையாக நின்று இரும வேண்டும். வாசலில் காத்திருப்பவர்கள் தொண்டையைக் கனைக்கவும் பயப்படுவார்கள். யாராவது தவறிப்போய் இருமிவிட்டால் அறைக்கதவு படாரென்று திறக்கும். "எவரு? எவரு தக்கிந்தி? இருமுனது யாரு?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்திக்கொண்டு வெளியே ஓடி வருவார்.

ஒருமுறை சந்திரகிரியில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வீடியோ எடுத்தவர் இருமியிருக்கிறார். அந்த வீடியோவில் தாலி கட்டும் இடம் இல்லை. டாக்டரின் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறது. "எத்தன நாளா இருமுது? வூட்ல சின்னப் பசங்க கீறாங்களா?" என்ற கேள்வி கெட்டிமேளத்தையும் மீறிக் கேட்கிறது.

இவரிடம் நாங்கள் போனது என் பேத்தி ஹாசினிக்காக. மூன்று வயது. சாயங்காலமானால் காய்ச்சல், ஓயாத இருமல். எதையும் எண்ணிப் பார்ப்பது என் சுபாவம். நாங்கள் வாங்கிய சிரப் பாட்டில்கள் அலமாரியில் ஒரு தட்டை நிரப்பிவிட்டன. குழந்தையின் எடை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

டாக்டர் எங்களை இருமச் சொன்னார். இருமினோம்.

"வூட்ல எத்தன பேர்?"

"அஞ்சு பேர் சார்," என்றாள் என் மருமகள் கல்பனா.

நாங்கள் ஆறு பேர். கல்பனாவின் தம்பி தாமு, தடாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தான். கணக்கைத் திருத்த வாயைத் திறந்தேன். மருமகள் என் காலை மிதித்தாள். தாமுவுக்குத் தை மாதம் கல்யாணம். அவனும் இருமிக்கொண்டுதான் இருந்தான். கம்பெனித் தூசு என்று நாங்கள் நம்பினோம். நம்பிக்கை இருந்தாலும் பெண் வீட்டார் காதுக்கு அது போகக்கூடாது அல்லவா?

எனக்கு, என் மனைவிக்கு, மகனுக்கு, மருமகளுக்கு எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எழுபத்து மூன்று வயதில் குழந்தை வைத்தியர் சொல்லி மார்பைப் படமெடுத்துக்கொண்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். யாருக்கும் ஒன்றுமில்லை. ஹாசினியின் படத்தில்தான் ஒரு நிழல் இருந்தது. சோதனைக்காகக் கையில் ஊசி போட்ட இடமும் தடித்திருந்தது.

"டி.பி.ன்னுதான் தோணுது. சின்னப் பசங்களுக்கு இது கூட இருக்கிற பெரியவங்க இருமித்தான் வரும். ஆனா பாப்பாவுக்கு எங்கிருந்து வந்துதுன்னு தெரியல. அதான் இடிக்குது. வயித்துத் தண்ணி எடுத்துப் பாத்துடலாம்," என்றார் டாக்டர்.

"நெஞ்சுச் சளிக்கு வயித்துல இன்னா சார் வேலை?" என்றேன்.

"பெரியவங்க சளியத் துப்புவாங்க. இவங்க முழுங்கிடுவாங்க. ராத்திரி முழுங்கினது விடியக்காலம் வயித்துல இருக்கும். எழுந்ததும் ஒரு வாய் துன்னாக்கூட எல்லாம் போச்சு."

இந்த 'ஒரு வாய்' விஷயத்தில் அவர் ஆஸ்பத்திரியையே போலீஸ் ஸ்டேஷன் ஆக்கி வைத்திருந்தார். வார்டுக்குள் வருகிற ஒவ்வொரு பையையும் சோதிப்பார். பறிமுதல் செய்த இட்லியும் வடையும் அவர் மேஜையில் அடுக்கியிருப்பதைப் பார்த்து டிபன் கடை என்று நினைத்து, "ரெண்டு இட்லி, கார சட்னி" என்று கேட்டவர்களும் உண்டு.

ஹாசினியை முதல்நாளே சேர்த்தோம். மறுநாள் விடிந்தும் விடியாமலும் டாக்டர் கையில் மெல்லிய குழாயோடு வந்தார். அதை மூக்கு வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும். குழந்தையைப் பார்த்தார். குழந்தையின் ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"வாயத் திற பாப்பா."

உள்ளே தேங்காய் பன்.

"யார் குடுத்தது?"

ஜன்னலுக்கு வெளியே ஓர் இருமல் கேட்டது.

"எவரு தக்கிந்தி?" டாக்டர் குழாயோடு பாய்ந்தார். பின்னாலேயே நானும் ஓடினேன். தாமு பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். பைக் கிளம்பவில்லை, இருமல்தான் கிளம்பியது. டாக்டர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"நீ யாருய்யா?"

"பாப்பாவுக்குத் தாய்மாமங்க. கொழந்த பட்டினியா கீதேன்னு மனசு கேக்கல..."

"எங்க தங்கிக்கினு கீற?"

"இவங்க வூட்லதான். வேல முடிஞ்சு வந்தா பாப்பா எம்மேலதான் தூங்கும்."

டாக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஐயா, வூட்ல எத்தன பேர்?"

"ஆறு," என்றேன். அந்த நிலையிலும் சரியான கணக்கைச் சொன்னதில் ஒரு நிம்மதி.

டெஸ்ட் கெட்டுப்போன கோபமெல்லாம் டாக்டருக்குப் போய்விட்டது. "பன்னு குடுத்தியே ராஜா! வா, வந்து நீ துப்பு. உனக்குத் துப்பத் தெரியும் இல்ல?"

"டேய், வேணாண்டா," என்று ஓடி வந்தாள் கல்பனா. "சார், தையில அவனுக்குக் கல்யாணம் சார். வெளிய தெரிஞ்சா நின்னுபூடும் சார்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இடுப்பில் இருந்த ஹாசினி கைநீட்டி மாமனிடம் தாவப் பார்த்தாள். தாமு பின்னால் நகர்ந்தான்.

"பாப்பாவ வுடவா கல்யாணம்? துப்புற டப்பாவக் குடுங்க சார்," என்றான்.

மறுநாள் குழந்தைக்கு முறையாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தானாம். கிருமி கிடைத்தது தாமுவின் சளியில். அதையும் நிழலையும் ஊசியையும் சேர்த்து வைத்து டாக்டர் அன்றே இருவருக்கும் மருந்தை ஆரம்பித்தார். பெண் வீட்டில் தாமுவே போய்ச் சொன்னான். பெண்ணின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். பெண்தான் வாசல்வரை வந்து, "மாத்திரைய நிறுத்தாம துன்னு. முடிச்சிட்டு வா, பாக்கலாம்," என்றாளாம்.

ஆறு மாத மருந்து முடிந்து ஹாசினியைக் காட்டப் போனோம். எடை நன்றாக ஏறியிருந்தது. படத்தில் நிழல் இல்லை. டாக்டர் அதை விளக்கிலும் ஜன்னல் வெளிச்சத்திலும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அவர் மடியில் ஏறி, ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

"சார், வெளியே கூட்டம்," என்று நர்ஸ் எட்டிப் பார்த்தார். டாக்டர் அசையாமல், பக்கத்து அறையிலிருந்து இன்னொரு ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுவரும்படி சாடை காட்டினார். எங்கள் ஊருக்குப் போகும் பஸ்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. நான் குழந்தையை எழுப்பவில்லை.