ரிப்பால்தாவின் ஓட்டாஞ்சில்லு

இன்றைக்கு எப்படியும் அவனை அவன் இடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. இரண்டு முறையும் கல்யாணம்தான் தள்ளிப் போயிற்று.

ரிப்பால்தா இதை யாரிடமும் சொல்லவில்லை. காரின் முன் சீட்டில், மடியில் லசான்யா பாஸ்தா தட்டும் அதன்மேல் தாரல்லி முறுக்கு டப்பாவுமாக உட்கார்ந்து, தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். டப்பாவின் அடியில், முறுக்குகளுக்கும் கீழே, கைக்குட்டையில் சுற்றி அவன் இருந்தான்.

"ஊரே ஆத்தங்கரையில ஆட்டுக்கறி சுடுது. ஈஸ்டர் திங்களும் அதுவுமா நாம மட்டும் இடிஞ்ச சுவத்தைப் பாக்கப் போறோம்" என்றான் கார் ஓட்டிக்கொண்டிருந்த சவீனோ. அவள் கணவன்.

"கொஞ்சம் சரித்திரமும் தெரிஞ்சுக்கலாமேன்னுதான்."

"உனக்கா, சரித்திரமா? நம்ம கல்யாணம் எந்த வருஷம்னே உனக்கு ஞாபகம் இல்ல."

"அது சரித்திரம் இல்லண்ணே, விபத்து" என்றாள் பின் சீட்டிலிருந்த அவன் தங்கை கோசிமா. சிரித்த சிரிப்பில் அவள் காதில் தொங்கிய பவளக் கம்மல்கள் ஆடின.

அந்தக் கம்மல்களை ரிப்பால்தா கண்ணாடியில் பார்த்தாள். போன வாரம்வரை அவை அவளுடையவை.

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து இப்போது போகிற இதே குன்றுக்குக் கூட்டிப் போனார்கள். கார்த்தேஜ் தளபதி ஹானிபாலிடம் ரோமாபுரியின் படை ஒரே மத்தியானத்தில் அழிந்துபோன இடம். ஐம்பதாயிரம் பேர் செத்தார்கள் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தபோது, ரிப்பால்தா காலடியில் கிடந்த ஓர் ஓட்டாஞ்சில்லை எடுத்துக் காலுறைக்குள் நுழைத்துக்கொண்டாள். பிஸ்கட் அளவுதான் இருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் பாதி வட்டமாக, யாரோ கடித்ததுபோல் ஒரு பள்ளம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இது யாரோ ஒரு சிப்பாயின் தண்ணீர்க் கூஜா. இந்தப் பள்ளம் ஈட்டி பாய்ந்த இடம். சிப்பாய் தாகத்தோடு செத்திருக்கிறான். இப்போது கூஜாவும் போயிற்று.

அடுத்த வாரமே அப்பாவின் டிராக்டர் திராட்சைத் தோட்டத்தில் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு எது நடந்தாலும் காரணம் தெரிந்துபோயிற்று. கணக்குப் பரீட்சையில் தோற்றது. சவீனோவுக்கு முப்பது வயதில் முடி கொட்டியது. மூன்று வாஷிங் மெஷின்கள் பழுதானது. கல்லறைத் திருநாள் வந்தால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சில்லின்மேல் மெழுகுவர்த்தி ஏற்றி மன்னிப்புக் கேட்பாள். வர்த்தி எரிந்து முடிய நேரம் ஆகும். சும்மா எப்படி உட்கார்ந்திருப்பது? சவீனோவின் குறட்டை, கோசிமாவின் நாக்கு, பாதிரியாரிடம்கூடச் சொல்லாத இரண்டொரு விஷயம் என்று எதையாவது சொல்வாள். அந்த வீட்டில் அவள் பேசும்போது குறுக்கே பேசாதவன் அவன் ஒருவன்தான்.

ஆனால் இது மகள் மிரியானாவின் கல்யாணம். முதல் தேதிக்கு ஒரு வாரம் முன்பு மாப்பிள்ளை தொனாத்தோ ஒலிவ மரத்து ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். இரண்டாவது தேதிக்கு முந்தின நாள் மண்டபத்துக்குள் வெள்ளம் வந்தது. மூன்றாவது தேதி ஜூன் பன்னிரண்டு. இதுவும் நின்றால் நான் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிடுவேன் என்று மிரியானா அழுதிருந்தாள்.

போன வாரம் கோசிமா தட்டில் தண்ணீர் ஊற்றி, மூன்று சொட்டு ஒலிவ எண்ணெய் விட்டுக் கண்ணேறு பார்த்தாள். எண்ணெய் தட்டு முழுக்கப் பரவிற்று. தோஷம் இருக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணி, உங்க வீட்டுல உங்களுக்குச் சொந்தமில்லாத ஒண்ணு இருக்கு. செத்தவங்களோடது" என்றாள்.

ரிப்பால்தா குளியலறைப் பக்கம் பார்த்தாள்.

"எங்கம்மாவோட கம்மல்தான் அது" என்று கோசிமா கையை நீட்டினாள்.

வாய் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று பயந்து, ரிப்பால்தா கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

குன்றின் அடியில், தொல்பொருள் பூங்காவின் வாசலில் காவலர் ருஜ்ஜேரோவின் கொட்டகையைச் சுற்றிப் பன்னிரண்டு, பதினைந்து மண்தொட்டிகளில் திருநீற்றுப்பச்சை மண்டிக் கிடந்தது. அறுபதை நெருங்கும் மனிதர். தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சாப்பாடு உள்ளே போகாதும்மா. இங்க வச்சிட்டுப் போங்க."

"லசான்யாவை வச்சிக்குங்க. முறுக்கு டப்பா மட்டும்..."

"முறுக்கும் சாப்பாடுதானேம்மா?"

"அது மருந்து" என்றாள் ரிப்பால்தா. வேறு எதுவும் தோன்றவில்லை.

"அப்ப எனக்கும் அந்த வியாதிதான்" என்று சவீனோ கையை விட்டு இரண்டை எடுத்தான். அவன் விரல் இன்னும் ஆழம் போவதற்குள் அவள் டப்பாவைப் பிடுங்கி, திரும்பி நின்று, கைக்குட்டைப் பொட்டலத்தை உள்சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

குன்றின் மேலே வெயில் சுள்ளென்று அடித்தது. சவீனோவும் கோசிமாவும் தூண் நிழலில் உட்கார்ந்து, கீழே ஆற்றங்கரையிலிருந்து வந்த கறி வாசனையைச் சோகமாக முகர்ந்துகொண்டிருந்தார்கள். ரிப்பால்தா இடிந்த சுவரோரம் ஒதுங்கினாள். சில்லை வெளியே எடுத்தாள். 'போய் வாப்பா, தப்பா நினைச்சுக்காதே' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுவருக்கு அப்பால் வீசினாள்.

தோளிலிருந்து முப்பத்தெட்டு வருஷம் இறங்கியது. அரை நிமிஷம் நன்றாக இருந்தது.

பிறகு ஒரு கிழட்டு நாய் மூச்சிரைக்க வந்து, சில்லை அவள் செருப்பின்மேல் வைத்துவிட்டு வாலை ஆட்டியது.

"சீ, போ! இங்க கொண்டு வராதே!" என்று குனிந்து அதை எடுத்தாள்.

"அசையாதீங்க!" என்று ஒரு குரல் கேட்டது.

நாயின் சொந்தக்காரர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இப்போது சம்பளமில்லாமல் பூங்காவைச் சுற்றிக் காட்டுகிறவர். ஊரில் எல்லோரும் புரொபசர் என்பார்கள். பின்னால் பத்துப் பதினைந்து பேர் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்துகொண்டிருந்தார்கள்.

"கையில என்ன அது?"

திருப்பி வைக்க வந்தேன் என்று சொன்னால் திருடினேன் என்றாகும். "இங்க... கீழ கிடந்துச்சு."

"இங்கயா? பதினொரு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம இதே இடத்துல நின்னு பேசறேன். என் கண்ணுல படலையே!"

"பேசும்போது கீழ பாத்திருக்க மாட்டீங்க" என்றாள் கோசிமா. கூட்டத்தைக் கண்டதும் ஓடி வந்துவிட்டிருந்தாள்.

புரொபசர் சில்லை வாங்கி வெயிலில் பிடித்தார். "இந்தப் பள்ளத்தைப் பாருங்க. ஈட்டி பாய்ஞ்சிருக்கு!"

தான் நினைத்தது சரிதான் என்று ரிப்பால்தாவுக்கு இன்னும் பயமாயிற்று.

"மண்ணே ஒட்டலையே, ஏன்?"

"துடைச்சுட்டேன்."

"துடைச்சீங்களா! அம்மா, ரெண்டாயிரத்து இருநூறு வருஷத்து மண்ணும்மா!" அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு சில்லைத் திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார். "இது என்ன... ஊதா?"

தவக்காலத்துக்கு வாங்கி மிஞ்சிய ஊதா மெழுகுவர்த்தி சொட்டிய மெழுகு அது. கல்லறைத் திருநாளுக்கு வேறு கிடைக்கவில்லை.

"கார்த்தேஜ்காரங்க ஊதாச் சாயத்துக்குப் பேர் போனவங்க!" புரொபசர் சில்லைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "ஹானிபாலோட கூடாரத்துலேர்ந்தே வந்திருக்கலாம்!"

கூட்டம் கை தட்டியது. போன்கள் மேலே எழுந்தன. அதுவரை தூணடியில் இருந்த சவீனோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான்.

"என் பொண்டாட்டிங்க இவ! கழுகுக் கண்ணு! ஃபிரிட்ஜுல ஒளிச்சு வச்ச கேக்கைக்கூட விடமாட்டா!"

"சவீனோ, போகலாம் வா" என்று அவள் அவன் சட்டையை இழுத்தாள்.

"எங்க போறது? நல்ல சகுனம் இது! ரெண்டு தடவை நின்ன கல்யாணம் சார், எங்க பொண்ணுக்கு. ஜூன் பன்னெண்டு வச்சிருக்கோம்."

புரொபசரின் முகம் பளிச்சென்றது. "அப்படின்னா பொண்ணும் மாப்பிள்ளையும் சர்ச்சுலேர்ந்து நேரா இங்க வரட்டும். கல்யாணப் பெண் கையில இந்தச் சில்லு. பத்திரிகையில முதல் பக்கம்!"

"அய்யோ, பொண்ணு கையிலயா!" என்றாள் ரிப்பால்தா.

"சந்தோஷத்துல கத்தறா" என்றான் சவீனோ.

கோசிமா மட்டும் அவள் காதருகே குனிந்தாள். "செத்தவங்க சாமான் மாதிரி இருக்கே அண்ணி. உங்க கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"கண்டெடுத்தவங்களே கொண்டுபோய்க் காவலர்கிட்ட ஒப்படைக்கணும். பெட்டி அவர்கிட்ட இருக்கு" என்றார் புரொபசர். "மேலதான் சிக்னல் கிடைக்கும். நான் பத்திரிகைக்குப் போன் பண்ணிட்டு வரேன்."

தூக்கித் தூரப் போட வந்தவள், அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குன்றிறங்கினாள். கல்யாணப் படத்தில் மிரியானா இதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் தொனாத்தோவுக்கு எந்தக் கால் மிஞ்சும்? கொட்டகைக்குள் நுழைந்து, சில்லை மேஜைமேல் வைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, இதை நான் கண்டெடுக்கலை. திருடினேன். மூணாங்கிளாஸ் படிக்கும்போது. முப்பத்தெட்டு வருஷமா என் வீட்டுலதான் இருக்கு. போலீஸைக் கூப்பிட்டாலும் சரி. என் பொண்ணு கல்யாணம் மட்டும் நடந்துரட்டும்."

ருஜ்ஜேரோ அவள் லசான்யாவில் ஒரு மூலையைச் சாப்பிட்டு முடித்திருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சில்லை எடுத்தார். புரட்டினார். ஓரத்துப் பள்ளத்தை விரலால் தடவினார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவரும் அழுகிறார் என்றுதான் ரிப்பால்தா முதலில் நினைத்தாள்.

"அம்மா, அப்ப இங்க காவல் எங்கப்பா. ஸ்கூல் பசங்க வந்தா கண்ணுல பட்ட ஓட்டுத் துண்டையெல்லாம் அள்ளிட்டுப் போயிடும். கத்திப் பாத்தார், நடக்கலை. அதனால எங்கம்மாவோட உடைஞ்ச செடித்தொட்டியையெல்லாம் நொறுக்கி, பசங்க வர்ற பாதை முழுக்கப் போட்டு வைப்பார். அதை எடுத்துட்டு, நிஜத்தை விட்டுட்டுப் போவாங்க." அவர் பள்ளத்தைக் காட்டினார். "தொட்டியோட அடியில தண்ணி வடியற ஓட்டைம்மா இது."

வெளியே திருநீற்றுப்பச்சை காற்றில் அசைந்தது.

"ஈட்டி...?"

"ஈட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்ப மாப்பிள்ளை ஏணியிலேர்ந்து விழுந்தது?"

"ஏணியில ஏறினா விழத்தாம்மா செய்வாங்க."

ரிப்பால்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். அதற்குப் பதில் ஒரு வெறுமை வந்தது. டிராக்டர் தானாகக் கவிழ்ந்தது. முடி தானாகக் கொட்டியது. கோசிமாவின் காதில் ஆடும் கம்மல்... சரி, அதை இன்று மாலை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் குளியலறையில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பேசினாளே, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தானே?

"அப்ப அவன்?" என்றாள்.

"எவன்மா?"

அவள் அவர் கையிலிருந்த சில்லைப் பார்த்தாள்.

ருஜ்ஜேரோ அதை அவள் முன்னால் வைத்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்த சாக்கில் கையை விட்டு அதேபோல் பள்ளமுள்ள வேறொரு சில்லை எடுத்துப் பெட்டியில் போட்டார். "புரொபசருக்கு இது போதும். கழுவினதுல ஊதா போயிருச்சுன்னு சொல்லிக்கறேன். ஏற்கெனவே எங்கம்மாவோட ஏழு தொட்டி அவர் அலமாரியில இருக்கு. பாவம், சொல்ல மனசு வரலை." பிறகு அவள் பக்கம் கையை நீட்டினார். "உங்களுதையும் சாக்குல போட்டுடலாம், குடுங்க. புதன்கிழமை மூணாங்கிளாஸ் பசங்க வராங்க. துண்டு பத்தலை."

மேலேயிருந்து சவீனோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ரிப்பால்தா சில்லை எடுத்தாள். கைக்குட்டையில் நிதானமாகச் சுற்றி, மறுபடி உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இல்லண்ணே" என்றாள் மெதுவாக. "இவனைத் தர முடியாது."