விற்காமல் இருந்திருந்தால்

"ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்று ஜெபத்தை முடித்த வில்சன், ஆமென் சொல்வதற்குப் பதிலாக, "நாலாயிரம்" என்றார்.

அன்னாள் கரண்டியைச் சட்டியில் போட்டாள். "ஜெபத்துலயுமா?"

"ஷேரு நானூறுக்குப் போவுதாம்டி. விக்காம இருந்திருந்தா பத்துக்கு நாலாயிரம்லா?"

வில்சன் ராஜபாளையம் பருத்திப் பேட்டையில் கணக்குப்பிள்ளை. ஊரில் புது நூல் மில் தொடங்கியபோது நூறு ரூபாய் ஷேரில் பத்து வாங்கினார். சீமையிலிருந்து வரவேண்டிய மிஷின் வரவில்லை. ஷேர் அறுபதுக்கு இறங்கியது. பதறிப்போய், தரகர் தனுஷ்கோடி மூலமாக ஸ்ரீவில்லிபுத்தூர் சைக்கிள் கடை எலியேசருக்குப் பத்தையும் விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். பிறகு யுத்தம் வந்தது, ஷேர் ஏறியது, தூக்கம் போனது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே மிரண்டு ஷேர் நாற்பத்தைந்துக்கு விழுந்த கோடையில், "நான் அப்பவே வித்துட்டேன்லா!" என்று சர்ச் வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொன்னார். மறுவருஷமே இருநூறு. அன்றிலிருந்து தரகரோடு பேச்சு இல்லை. விற்றது இவர், கோபம் தரகர் மேல்.

அடுப்படிச் சுவர் முழுக்கக் கரித்துண்டால் கணக்கு. விற்காமல் இருந்திருந்தால் மகாராஜபுரத்தில் இரண்டு ஏக்கர் வயல். அந்த வயலில் கமலைக் கிணறு. அந்த வருஷம் மழை பொய்த்தபோது, வாங்காத வயல் காய்கிறதே என்று மனுஷன் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அன்னாள் சுவரைச் சாணி போட்டு மெழுகினாள். "இந்தா பாருங்க, இனிமே இந்த வீட்டுல ஷேருன்னு ஒரு பேச்சு வந்துச்சு, உலை வைக்க மாட்டேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். வில்சன் வாயை மூடிக்கொண்டார். வாய்க்குள் போனது புத்திக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். எலியேசர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எலியேசர் அண்ணாச்சி, அந்தப் பத்தையும் எனக்கே திரும்பத் தாங்க. பாதிப் பணம் இப்ப, பாதி பொறவு."

எலியேசருக்கு இருமல் வந்தது. நாலைந்து பேர் கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். மில் ஷேர்க்காரர் என்று ஊரில் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. வட்டிக்கடையில்கூட நாற்காலி போடுவார்கள்.

"அது... எல்லாம் எம்மவன் ராபர்ட்டுக்குத்தான் அண்ணாச்சி. ஒத்த மவன் பாருங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வில்சனுக்கு யோசனை பிறந்தது. பிறக்காமலே இருந்திருக்கலாம். ராபர்ட்டுக்கு ஷேர். தம் மகள் ஜெயக்கொடிக்கு ராபர்ட். பிறகு பேரனுக்கு ஷேர். பத்தும் சொந்த ரத்தத்துக்கே திரும்பிவிடும்.

ஜெயக்கொடிக்குப் பாளையங்கோட்டை டிரெயினிங் ஸ்கூலில் இடம் கிடைத்து, பெட்டி வாங்கியாயிற்று. அவளுக்கு டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது. ராபர்ட் எட்டாவதை மூன்று தடவை எழுதியவன். இப்போது அப்பா ஒட்டும் பஞ்சரைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவன்.

"அந்தப் பையனா?" என்றாள் அன்னாள். "அவன்கிட்ட என்னத்தக் கண்டிய?"

ஷேரைக் கண்டேன் என்று சொன்னால் உலை இல்லை. "நல்ல குடும்பம்" என்றார் வில்சன்.

ஜெயக்கொடி அழவில்லை. "ரெண்டே வருசம்ப்பா. படிச்சிட்டு வாரேன், பொறவு நீங்க சொல்லுத ஆளைக் கட்டிக்கிடுதேன்."

"அதுவரைக்கும் அவிய காத்துக்கிட்டு இருப்பாவளா?"

ஷேர் இறங்கியிருந்தால் வில்சனே காத்திருந்திருப்பார். அந்த வாரம் நானூற்றிருபது. பிள்ளையின் பெட்டியை விறகுப் பரணில் ஏற்றினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதிலும் ஒரு விலைதான் தெரிந்திருக்கும்.

எலியேசர் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். ஷேர்க்காரர் வீட்டுச் சம்பந்தம் சும்மா வருமா?

"எங்க தகுதிக்கு நாப்பது பவுன் போட்டாத்தான் நல்லாயிருக்கும். ரொக்கம் ஆயிரம்" என்றார் எலியேசர். குரலில் துளி நடுக்கம் இல்லை.

வில்சன் கொல்லைப்புறத்து இடத்தை விற்று ஆயிரத்தைப் புரட்டினார். நாற்பது பவுனுக்கு எங்கே போவது? வீட்டில் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அன்னாள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "இந்தச் சம்பந்தத்தை விடவே மாட்டியளா?"

"மாட்டேன்."

"சரி. பிள்ளையை வெறுங்கழுத்தா அனுப்பி, போற எடத்துல பேச்சு வாங்க விடுவேனா? நகையை நான் பாத்துக்கிடுதேன்."

எப்படி என்று வில்சன் கேட்கவில்லை. மச்சினன் கொடுப்பான் என்று நினைத்துக்கொண்டார். கேட்டு, காரியம் கெட்டுவிடக் கூடாதே!

ராஜபாளையம் சர்ச்சில் கல்யாணம் நடந்தது. நாற்பது பவுனும் மின்ன, ஜெயக்கொடி பாதிரியாரிடம் "சம்மதம்" என்றாள். இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் சத்தம் வந்தது.

பந்தியில் வில்சன் சம்பந்தியின் இலைக்கு நேராகக் குந்தினார். இனி அவருக்கென்ன கூச்சம்? "சம்பந்தி, அந்தப் பத்து ஷேரையும் மாப்பிள்ளை பேருக்கு எப்ப மாத்தப்போறிய?"

எலியேசர் அப்பளத்தை நொறுக்கினார். "எந்தப் பத்து? அதை ஜப்பான்காரன் பயத்துலயே தள்ளிட்டேனே. நாப்பத்தஞ்சுக்கு."

"ராபர்ட்டுக்குன்னு சொன்னியளே!"

"கடையில நாலு பேரு நின்னாவ அண்ணாச்சி. தகுதின்னு ஒண்ணு இருக்குல்லா?"

வில்சன் எழுந்தார். வாசலில் மகள் ஸ்ரீவில்லிபுத்தூர் காரில் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பந்தியின் கடைசியில் தரகர் தனுஷ்கோடி பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு யார் பத்திரிகை வைத்தார்கள் என்று யோசிக்கும் நிலையில் வில்சன் இல்லை. பல வருஷ வைராக்கியத்தை விட்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"எலியேசர் வித்த பத்தை எவன்வே வாங்கினான்? அவனாவது இன்னும் வச்சிருக்கானா?"

தனுஷ்கோடி வாயைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உம்ம வீட்டம்மாதான் சீட்டுப் பணத்துல வாங்கினாவ; போன மாசம் இந்த நாப்பது பவுனுக்காக என்கிட்ட விக்குற வரைக்கும், அந்தப் பத்தும் உம்ம வீட்டு அரிசிப் பானைக்குள்ளதான்வே கெடந்துச்சு."