பிரமாதம் அக்கா

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. எதைக் காட்டினாலும் "பிரமாதம்!" என்பார்கள். அதில் முதல் தரமான ஒருத்தியை இப்போது பார்க்கப்போகிறீர்கள். ஃபேஷன் கம்பெனிகளின் பெருமையைப் பத்திரிகைக்காரர்கள் காதில் ஓதுவது அவள் உத்தியோகம். கார்டில் 'மக்கள் தொடர்பு' என்று போட்டிருக்கும். வீட்டில் பெயர் பிரமாதம்.

இந்த உத்தியோகத்தில் மேலே வருவது லேசுப்பட்ட காரியமா? முதலில் ஃபேஷன் ஷோவில் நாற்காலி போடக் கற்றாள். புகழ்ந்து எழுதுகிறவரை முன்வரிசையிலும், திட்டி எழுதியவரைத் தூணுக்குப் பின்னாலும் சிரித்த முகமாகவே உட்கார வைத்தாள். அப்புறம் பாஷை. சட்டை சாக்கு மாதிரி தொங்கினால் 'தாராளமான வடிவம்'. ஓரம் பிரிந்திருந்தால் 'சுதந்திரமான தையல்'. ஒருத்தரும் வாங்கவில்லையா? 'எல்லோருக்குமானதல்ல.' சிரிக்காதீர்கள், இதற்குத்தான் தனி அறை கொடுத்தார்கள்.

பாஷை வீட்டுக்கும் வந்தது. கணவன் கருக்கிய ரொட்டிக்கு 'ஆழமான நிறம்' என்றாள். பாவம், அவன் மறுநாளும் கருக்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்து நின்றாள். வங்கி வேலையை விட்டுவிட்டுச் சின்னதாக ஒரு தையல் கடை போடுவதாக அவளுக்கு யோசனை. கடை இடத்துக்காரருக்கு அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். தானே வெட்டித் தைத்த நீல கவுனைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அக்கா கிட்டப் போய்ப் பார்த்தாள். தோள் அப்படியே உட்கார்ந்திருந்தது, மடிப்பு சொன்னபடி கேட்டது. பெற்ற மகளைப் பார்ப்பது போல் ஒரு பெருமை, கொஞ்சம் பொறாமையும்கூட. வாயைத் திறந்தாள்.

"பிரமாதம்டி!"

தங்கை முகம் தொங்கிப்போயிற்று. "அக்கா, நிஜமாச் சொல்லு."

"நிஜமாத்தான் சொல்றேன். சத்தியமா, இத்தன வருஷத்துல என் கண்ணு இப்படி ஒண்ணப் பாத்ததில்ல."

"போன மாசம் அந்தச் சாக்குப்பைக்கும் இதையேதான எழுதின? பிழை பாத்துக் குடுத்ததே நாந்தான்."

அக்கா தவித்தாள். இவளை எப்படி நம்ப வைப்பது? நாலு நல்லதோடு ஒரு குறையும் சொன்னால் நம்புவாளோ? தேடினாள், தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் சொந்தமாகவே ஒன்றை உண்டாக்கினாள்.

"இடது கை மட்டும்... ஒரு துளி நீளமோ?"

"ஆங், இப்பதான் உண்மை வருது! ஒரு கையையே ஒழுங்கா வெட்டத் தெரியல, எனக்கெதுக்குக் கடை?" என்றாள் தங்கை.

உள்ளே போய்க் கவுனைக் கழற்றினாள். இடத்துக்காரருக்குப் போன் போட்டு, இடம் வேண்டாமென்றாள். போகும்போது அக்காவைக் கட்டிக்கொண்டு, "நீயாவது மறைக்காமச் சொன்னியே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கை சரியான அளவுதான் என்று இனிமேல் சொல்லி என்ன பிரயோஜனம்?

நமக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் பாடிக் காட்டியபோது என்ன சொன்னீர்கள்? கையில் திணித்த குழந்தைப் படத்துக்கு? போகட்டும். இதைப் படித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், நாக்கு நுனிக்கு ஒரு வார்த்தை வரும். தயவுசெய்து அதை விழுங்கிவிடுங்கள்.